சுகாதாரக் கல்வியில் தலைமையும் தொழிற்பொறுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுகாதார விழிப்புணர்வுப் பணியில் சிறந்து விளங்கியவர்களுக்குப் பாராட்டு வழங்கப்பட்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை ஆயிரம் துண்டறிக்கைகள் வழங்கப்பட்டன, எத்தனை பேரணிகள் சென்றன என்ற கணக்கு அதில் விரிவாக இருந்தது. பாராட்டுப் பெற்றவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலையைச் செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அறிமுகமில்லாத நூறு பேரை ஓரிடத்தில் கூட்டி அரை மணி நேரம் கேட்க வைப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஆனால் அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் வீடு திரும்பிய பின் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி அச்செய்தியில் ஒரு வரிகூட இல்லை. இத்துறையில் தலைமை என்று எதை மதிக்க வேண்டுமோ அது அந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், காசநோய் சிகிச்சை குறித்த துண்டறிக்கை ஒன்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆறு மாதச் சிகிச்சையைப் பாதியில் விட்டால் நோய் திரும்பலாம், கிருமி மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம் என்பதால், ‘மருந்தை இடையில் நிறுத்தவே கூடாது’ என்ற வரியைப் பெரிய எழுத்தில் போட்டேன். மருத்துவர்கள் இருவர் படித்து ஒப்பமிட்டார்கள். அச்சாகிப் பல இடங்களுக்கும் போயிற்று. சில மாதங்கள் கழித்து, மருந்து வாங்க வராமல் நின்றுபோன ஒருவரைத் தேடிச் சென்றேன். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவர், “நடுவுல ரெண்டு நாள் விட்டுப்போச்சு ஐயா. இடையில நிறுத்தவே கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? அதான் கெட்டுப்போச்சே, இனிமே சாப்பிட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்” என்றார். நான் எழுதியதில் மருத்துவப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அந்த வரி ஒரு மனிதரைச் சிகிச்சையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டது.

என் மேலதிகாரியாக இருந்த அம்மையாரிடம் இதைச் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. “இந்த வரியை அச்சுக்கு அனுப்பும் முன் எத்தனை நோயாளிகளிடம் படித்துக் காட்டினீர்கள்?” என்று மட்டும் கேட்டார். ஒருவரிடமும் காட்டவில்லை. மறுநாள் அவர் மீதமிருந்த கட்டுகளை நிறுத்தி வைத்தார். துண்டறிக்கையில் குறை இருக்கிறது, அதைச் சோதித்துப் பார்க்காமல் வெளியிட்டது தம்முடைய பொறுப்பு என்று மேலிடத்துக்கு எழுதினார். என் பெயர் அக்கடிதத்தில் எங்கும் இல்லை. பின்னர் என்னை உடன் வைத்துக்கொண்டு அந்த வரியைத் திருத்தினார்: ‘ஒரு நாள் மருந்து தவறிவிட்டால் பயப்படாமல் மறுநாள் தொடருங்கள், தவறியதை மறைக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.’ திருத்திய தாளைச் சிகிச்சையில் இருந்தவர்களிடம் கொடுத்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று அவரவர் சொற்களில் சொல்லக் கேட்டு, இரண்டு முறை மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்பினோம். நடந்ததையெல்லாம் இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி, பிற இடங்களில் பணிபுரிந்த எங்கள் சகாக்கள் அனைவருக்கும் அனுப்பச் சொன்னார். எங்கள் பிழையை நாங்களே ஊரறியச் செய்ய வேண்டுமா என்று அப்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்தக் குறிப்பைப் படித்த வேறு இருவர் தாங்கள் அச்சிடவிருந்த தாள்களை நிறுத்திச் சோதித்தார்கள் என்று அறிந்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது. நான் தேடிச் சென்ற அந்த நோயாளி சிகிச்சையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அந்த அம்மையார் எந்த மேடையிலும் பொன்னாடை பெற்றதில்லை. தலைமை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இது ஒருவரின் நற்குணத்தைப் பற்றிய கதை மட்டுமன்று. பெரிய அளவில், ஒரு நாடு முழுவதற்குமான பணியிலும் இதே பண்பைக் காண முடிகிறது. வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 1980 முதல் 1990 வரை, வயிற்றுப்போக்கால் குழந்தைகள் நீரிழந்து இறப்பதைத் தடுக்க, உப்பும் வெல்லமும் தண்ணீரும் கலந்த கரைசலை வீட்டிலேயே செய்யத் தாய்மாருக்குக் கற்றுத்தந்தது. பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, தாயின் கையாலேயே கரைசலைச் செய்ய வைத்துக் கற்பித்தார்கள். பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை இப்பணி எட்டியது. இந்த எண்ணிக்கையை எல்லோரும் சொல்வார்கள்; எனக்கு முக்கியமாகப் படுவது, அதற்கு முன் நடந்தது.

தொடக்கத்தில் தாய்மார் பாடத்தை நன்றாகவே கற்றிருந்தார்கள். கேட்டால் பிழையின்றிச் சொன்னார்கள், செய்தும் காட்டினார்கள். ஆனால் குழந்தைக்கு உண்மையில் வயிற்றுப்போக்கு வந்தபோது அந்தக் கரைசலைக் கொடுத்தவர்கள் மிகக் குறைவாகவே இருந்தார்கள். பாடம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற அறிக்கையோடு திட்டத் தலைவர்கள் அங்கேயே நின்றிருக்கலாம், பாராட்டும் கிடைத்திருக்கும். அவர்கள் ஏன் என்று கேட்டு ஆளனுப்பி ஆராய்ந்தார்கள். கற்றுக்கொடுத்த பணியாளர்களிலேயே பலருக்கு அக்கரைசலில் நம்பிக்கை இல்லை, தங்களுக்கு நோய் வந்தால் வேறு மருந்தையே நாடினார்கள் என்பது தெரியவந்தது. வீட்டின் ஆண்களிடம் யாரும் எதுவும் சொல்லாததால் அவர்கள் விலகியே நின்றார்கள் என்பதும் தெரியவந்தது. பணியாளர்களை டாக்காவில் இருந்த வயிற்றுப்போக்கு ஆய்வு நிலையத்துக்கு அழைத்துச் சென்று, கரைசல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நேரில் காட்டினார்கள். ஆண்களுக்கெனத் தனிக் கூட்டங்கள் நடத்தினார்கள். நம்பிக்கை இல்லாதவர் சொல்லும் செய்தி, சொற்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் கேட்பவரிடம் தங்குவதில்லை என்பதை ஒரு நிறுவனம் தன் சொந்தத் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட நிகழ்வு இது.

அத்திட்டத்தில் இன்னொன்றும் உண்டு. கற்பித்துச் சில வாரங்கள் கழிந்த பின், கற்பித்தவர் அல்லாத வேறொருவர், தேர்ந்தெடுக்கப்பட்ட சில வீடுகளுக்குச் சென்று, தாய் என்ன நினைவில் வைத்திருக்கிறார், கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பார். உப்பு கூடினால் குழந்தைக்கே ஆபத்து என்பதால் கரைசலின் மாதிரிகளும் பரிசோதிக்கப்பட்டன. கற்பித்தவரின் ஊதியம் அந்த மதிப்பீட்டைப் பொறுத்தே அமைந்தது. கூலியை இப்படி விளைவோடு முடிச்சுப் போடுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கடினமான வீடுகளைத் தவிர்க்கும் எண்ணத்தை அது பணியாளருக்குத் தந்துவிடக் கூடும். ஆனால் எத்தனை வீட்டுக்குப் போனாய் என்பதைவிட, போன வீட்டில் என்ன நிலைத்தது என்பதைக் கேட்ட அந்த நிர்வாகத்தின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

அறிந்திருப்பதற்கும் செய்வதற்கும் நடுவே என்ன இருக்கிறது என்ற கேள்வி இத்துறைக்குப் புதிதன்று. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில் பணிபுரிந்த காட்ஃப்ரி ஹோக்பாம், காசநோயைக் கண்டறிய மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள மக்களில் சிலர் மட்டும் தாமாக முன்வருவது ஏன் என்று ஆராய்ந்தார். தமக்கும் இந்நோய் வரக்கூடும் என்று நம்பி, முன்னதாகக் கண்டறிந்தால் பயனுண்டு என்றும் நம்பியவர்களில் 82 விழுக்காட்டினர் ஒரு முறையாவது எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 விழுக்காட்டினரே எடுத்திருந்தார்கள். 1958-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகும், தகவலைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நடந்துகொள்வது வருத்தத்துக்குரியது. ஒருவர் எதை நம்புகிறார் என்று அறிய வேண்டுமானால் அவரைப் பேசவிட வேண்டும். ஒலிபெருக்கியின் முன்னால் நிற்பவருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதே இல்லை.

தலைமை பதவியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. சோமாலியாவைச் சேர்ந்த அலி மாவ் மாலின் 1977-இல் மெர்கா நகர மருத்துவமனையில் சமையல்காரராக இருந்தவர். ஊசி வலிக்கும் என்ற பயத்தில் அம்மைத் தடுப்பூசியைத் தவிர்த்தவர். பெரியம்மை நோயாளிகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்டச் சிறிது தூரம் உடன் சென்றதில் நோய் தொற்றியது. இயற்கையாகப் பெரியம்மை தொற்றியவர்களில் உலகிலேயே கடைசியாக அறியப்பட்டவர் அவர்தான். பிழைத்தெழுந்த அவர், பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துப் பணியில் தன்னார்வலராகச் சேர்ந்து, பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கத் தயங்கிய பெற்றோரிடம் தம் கதையையே சொல்லிவந்தார். 2013-இல் அப்பணியில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே மலேரியாவால் இறந்தார். தாம் செய்த தவற்றை மறைக்காமல் முன்வைத்து, அதனாலேயே பிறருடைய நம்பிக்கையைப் பெற்ற அவரை நான் இத்துறையின் தலைவர்களில் ஒருவராகவே எண்ணுகிறேன்.

அப்படியானால் பயிற்சியும் பட்டமும் தேர்வும் எதற்கு என்ற கேள்வி எழும். அவை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 1978-இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா-அட்டா நகரில் 134 நாடுகளின் பேராளர்கள் கூடி வெளியிட்ட பிரகடனம், அடிப்படைச் சுகாதாரச் சேவையில் இடம்பெற வேண்டியவற்றைப் பட்டியலிட்டபோது, நடப்பிலுள்ள நோய்களைப் பற்றியும் அவற்றைத் தடுக்கும் முறைகளைப் பற்றியும் மக்களுக்குக் கல்வியளிப்பதையே முதலில் வைத்தது. முதலிடத்தில் வைக்கப்பட்ட ஒரு பணியைப் பயிற்சியில்லாத கைகளில் விட முடியாது. சுகாதாரக் கல்வியாளர்களின் அமைப்புகள் தாமாகவே இதை உணர்ந்தன. அமெரிக்காவில் 1976-இல் இத்துறைக்கென ஒரு நெறிமுறைத் தொகுப்பு உருவாயிற்று. தகுதிச் சான்று வழங்கும் தேசிய ஆணையம் 1988-இல் அமைந்து 1990-இல் முதல் தேர்வை நடத்தியது. சான்று பெற்றவர் அதைத் தக்கவைத்துக்கொள்ள ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை 75 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்ட வேண்டும். 2008-இல் அயர்லாந்தின் கால்வே நகரில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த அடிப்படைத் திறன்களில் தலைமையும் ஒன்றாக இடம்பெற்றது. 2020-இல் அமெரிக்க அமைப்புகள் இத்தொழிலின் பொறுப்புகளை எட்டுத் துறைகளாகத் திருத்தியமைத்தபோது, அதற்கு முன் நிர்வாகத்தின் உட்பிரிவாக இருந்த தலைமை, மேலாண்மையோடு சேர்ந்து தலைப்பில் இடம்பெற்றது. அறமும் தொழிற்பண்பும் தனித்துறையாயின.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆயினும் அறம் என்பது தேர்ச்சி பெற்று முடித்துவைக்கும் எட்டாவது பாடமாகிவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு உண்டு. தேர்வுத்தாள் அறிவை அளக்கும். பிழையான துண்டறிக்கைக் கட்டுகளை நிறுத்தி வைத்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதும் துணிவை அது அளக்காது. அந்தத் துணிவு, அதைச் செய்தவர் ஒருவரின் அருகில் இருந்து பார்த்தவருக்கே எளிதில் வருகிறது. தன் தொழிலுக்கு ஒருவர் செய்ய வேண்டிய சேவை என்று நான் கருதுவதில் பெரும்பகுதி இதுதான். இளையவர் எழுதிய பாடத்திட்டத்தை வரிவரியாகப் படித்துக் குறிப்பெழுதுவது, பிறர் ஆய்வுக் கட்டுரைகளை நேர்மையாக மதிப்பிட்டுத் தருவது, தேர்வு வினாக்களை அமைக்கும் குழுவில் விடுமுறை நாட்களைச் செலவிடுவது, களப்பணிக்குப் புதிதாக வந்தவருடன் முதல் பத்து வீடுகளுக்கு உடன் நடப்பது ஆகிய எதற்கும் தனி ஊதியம் கிடையாது, புகைப்படமும் வராது. இவற்றைச் செய்யும் நாலைந்து பேர் ஓர் அமைப்பில் இல்லாமற்போனால், சில ஆண்டுகளில் அங்கே சொல்லிக்கொடுக்கும் ஆளிருக்காது, சுற்றறிக்கை மட்டும் இருக்கும். குழுக்களில் இடம் யாருக்கு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டு வாசல்களில் நின்று பேசும் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாடத்திட்டத்தை வகுக்கும் மேசைகளில் அவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இருக்கும் அறிவைக் கேட்டுப் பெறாத தலைமை, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நடத்தும் தலைமை.

இன்னொரு பொறுப்பு சற்றுக் கடினமானது: பணம் தர வருபவரிடம் வேண்டாம் என்று சொல்வது. குழந்தைகளுக்கான பால்மாவு விற்பனைக்காக, செவிலியர் போல வெள்ளை உடை உடுத்திய பெண்களை நிறுவனங்கள் பல நாடுகளில் தாய்மாரிடம் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. குழந்தை வளர்ப்பைக் கற்றுத் தருவதாகவே அவர்கள் வந்தார்கள். தாய்மார் நம்பினார்கள். தூய நீர் இல்லாத வீடுகளில், போதிய அளவு மாவு வாங்க முடியாத வீடுகளில், அந்த நம்பிக்கையின் விலையைக் குழந்தைகள் கொடுத்தன. 1981-இல் உலகச் சுகாதார மன்றம் தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனை குறித்த சர்வதேச நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன, ஒரு நாடு எதிர்த்தது. இப்பொருட்களின் விற்பனைக்கென அமர்த்தப்பட்டவர்கள், தங்கள் பணியின் பகுதியாகக் கர்ப்பிணிகளுக்கோ குழந்தைகளின் தாய்மாருக்கோ கல்வியளிக்கும் வேலையைச் செய்யக் கூடாது என்று அந்நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. கல்வியளிப்பவருக்கும் விற்பவருக்கும் நடுவே கோடு கிழித்த அந்த விதியை, பால்மாவுக்கு அப்பாலும் விரித்துப் பொருள்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். சர்க்கரை நோய் முகாமை மருந்து நிறுவனமும், பல் சுகாதார வாரத்தைப் பற்பசை நிறுவனமும் ஏற்று நடத்தும்போது, மேடையில் பேசும் சுகாதாரக் கல்வியாளர் யார் பக்கம் நின்று பேசுகிறார் என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. நிதியே இல்லாமல் எதைச் செய்வது என்று கேட்கும் நண்பர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. நானும் அந்த நெருக்கடியில் இருந்திருக்கிறேன். ஆனால் நன்கொடை யாருடையது என்பதையும், சொல்லும் செய்தியில் அவர்களுக்குப் பங்கில்லை என்பதையும் வெளிப்படையாக அறிவிக்க முடியாத பணத்தை வாங்காமல் விடுவதே முறை.

தங்கள் நாளிதழிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. விழிப்புணர்வு நிகழ்ச்சி குறித்த செய்தி வரும்போது, நடத்தியவர்களிடம் இரண்டு கேள்விகளைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும்: இந்தச் செய்தியை வெளியிடும் முன் யாரிடம் சோதித்துப் பார்த்தீர்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்கத் திட்டமிருக்கிறதா? விடை இல்லையென்றால் அதையும் அச்சிடலாம். பயனளிக்காமற்போன முயற்சி ஒன்றைப் பற்றி அதை நடத்தியவரே எழுத முன்வந்தால், வெற்றிச் செய்திக்குத் தரும் அதே இடத்தை அவருக்கும் தர வேண்டும். தங்கள் சுகாதாரப் பக்கத்தில் வரும் அறிவுரைகளையும் இதே அளவுகோலால் பார்ப்பது நல்லது. ஒரு குறிப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதாக வாசகர் எழுதினால், முதலில் வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வர வேண்டும்.

விருது வழங்கும் அமைப்புகளுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அடுத்த ஆண்டுக்கான பரிந்துரைப் படிவத்தில், நடத்திய கூட்டங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் கட்டத்துக்கு மேலே, விண்ணப்பிப்பவரிடம் பயிற்சி பெற்று இன்று தனித்துப் பணிபுரிபவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் ஒரு கட்டத்தைச் சேர்க்கட்டும். அவர்களில் இருவரையாவது நேரில் சந்தித்து, அவரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்ட பின் முடிவெடுக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சுகாதாரக் கல்வியாளர் ஒருவர்